இயக்கம் ஓய்ந்த பிறகு இளைஞர்களிடம் எது மிஞ்சுகிறது? மூன்று தலைமுறைகளை ஒப்பிடுவது எப்படி?

தொடுகோடு (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. ஒரு சமூக இயக்கம் ஓய்ந்த பிறகு, அடுத்தடுத்து வரும் இளைஞர்களின் உடை, பாட்டு, பெயர், கூடிப் பேசும் விதம் இவற்றில் அது எப்படித் தங்குகிறது என்று பார்க்கும் சிறிய ஆய்வு ஒன்றுக்குத் திட்டம் போடுகிறோம். நான்கு பேர் குழு, ஆறு மாதம், 30 நேர்காணல். இயக்கம் நடந்தபோது இளைஞர்களாக இருந்தவர்கள் 10 பேர், அவர்களுடைய பிள்ளைகளின் வயதுக்காரர்கள் 10 பேர், இப்போது 18 முதல் 24 வயதுக்குள் இருப்பவர்கள் 10 பேர்.

"அந்த இயக்கம் உங்களிடம் என்ன தாக்கத்தை ஏற்படுத்தியது?" என்று நேரடியாகக் கேட்டால் மூத்தவர்கள் "எல்லாமே அதுதான்" என்கிறார்கள். இளையவர்கள் "அது அவங்க காலம்" என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டையும் வைத்து ஒரு பத்திகூட எழுத முடியாது. அதனால் மூன்று கேள்விகள்:

1. வயதானதால் வந்த மாற்றம் எது, இயக்கத்தால் வந்த மாற்றம் எது என்று எப்படிப் பிரிப்பது?
2. கருத்தைக் கேட்காமல் வேறு எதைப் பின்தொடர்ந்தால் உருப்படியாக ஏதாவது கிடைக்கும்?
3. பேட்டி எடுப்பதிலும் பாதுகாப்பதிலும் பொதுவாக எங்கே சறுக்கும்?

நிகழ்தகவு

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்ற இரண்டுக்கும் என்னைவிடத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

இன்று 75 வயதானவரும் 20 வயதானவரும் ஒரு விஷயத்தில் வேறுபட்டால் அதற்கு வயது காரணமாக இருக்கலாம், பிறந்த தலைமுறை காரணமாக இருக்கலாம். கேட்ட ஆண்டிலிருந்து வயதைக் கழித்தால் பிறந்த ஆண்டு. ஆக, ஒரே ஆண்டில் எல்லாரையும் கேட்டால் வயதும் தலைமுறையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வரும். 30 பேட்டி எடுத்தாலும் 3,000 எடுத்தாலும் அந்த ஒட்டு விடாது. எண்ணிக்கையைக் கூட்டினால் தீரும் பிரச்சினை இல்லை இது. ஆய்வை அமைக்கும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

மாற்ற இரண்டு வழி உண்டு. ஒன்று, அதே ஆட்களை மறுபடி மறுபடி கேட்பது. அமெரிக்காவில் 1965இல் பள்ளி இறுதியாண்டு படித்தவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் பேட்டி கண்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். அதே மாணவர்களை 1973, 1982, 1997 என்று மறுபடியும் தேடிப்போனார்கள். 1997இல் அவர்களுடைய பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று தலைமுறை, ஒரே கேள்விகள். கிடைத்தது என்னவென்றால், எந்தக் கட்சிக்கு ஆதரவு என்பது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நன்றாகவே இறங்குகிறது. மற்ற விஷயங்களில் பெரும்பாலும் ஒற்றுமை குறைவு. வீட்டில் அடிக்கடி அரசியல் பேசி, பேசியதையே தொடர்ந்து கடைப்பிடித்த பெற்றோர் இருந்தால்தான் மற்றதும் இறங்குகிறது. போராட்டங்களில் கலந்துகொண்ட மாணவர்கள், கலந்துகொள்ளாத வகுப்புத் தோழர்களிடமிருந்து முப்பது வயதைத் தாண்டிய பிறகும் வேறுபட்டே இருந்தார்கள். இடைவெளி கொஞ்சம் குறைந்தது, மறையவில்லை.

ஆறு மாதத்தில் உங்களால் இதைச் செய்ய முடியாது. இரண்டாவது வழி முடியும்: அதே வயது, அதே சூழல், ஆனால் இயக்கத்துக்குப் போகாதவர்களைத் தேடிப் பிடிப்பது. சமூகவியலாளர் டக் மெக்கடம் செய்தது இதுதான். 1964 கோடையில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவுசெய்ய மிசிசிப்பி மாநிலத்துக்குப் போகத் தொண்டர்கள் விண்ணப்பித்தார்கள். தேர்வாகியும் போகாமல் நின்றவர்கள் இருநூறுக்கும் மேல். 21 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் தேவைப்பட்டது, பலருக்கு அதுவே தடை. அந்த விண்ணப்பத் தாள்கள் அப்படியே கிடைத்ததால், போனவர்களும் போகாதவர்களும் அன்றைக்கு எழுதியதை வரிக்கு வரி ஒப்பிட முடிந்தது. கொள்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. போனவர்களுக்குக் கூடப் போகிற ஆட்களை முன்பே தெரிந்திருந்தது. இருபது வருடம் கழித்துப் பார்த்தால், போனவர்கள் மற்ற இயக்கங்களிலும் கூடுதலாக இருந்தார்கள், வருமானம் குறைவாகவும் இருந்தது.

உங்கள் 30ஐ இப்படிப் பிரியுங்கள்: மூத்தவர்கள் 12 (கலந்துகொண்டவர் 6, அதே வயதில் கலந்துகொள்ளாதவர் 6), நடுத்தலைமுறை 8 (கலந்துகொண்டவர்களின் பிள்ளைகள் 4, மற்றவர்கள் 4), இளையவர்கள் 10 (5 + 5). கலந்துகொள்ளாத அந்த ஆறு பேரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். "எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை" என்பார்கள். விட்டுவிடாதீர்கள், ஒப்பீட்டின் பாதி அவர்களிடம்தான் இருக்கிறது.

இன்னொன்று. இயக்கம் உச்சத்தில் இருந்தபோது அந்த நபருக்கு என்ன வயது என்பதை ஒவ்வொரு பேட்டியின் தலைப்பிலும் எழுதுங்கள். சுமார் 17 வயதில்தான் ஒருவர் தன் உலகத்தைக் கேள்வி கேட்கத் தொடங்குகிறார் என்று சமூகவியலாளர் கார்ல் மன்ஹைம் 1928இலேயே சொன்னார். கடந்த 50 ஆண்டுகளில் எது முக்கிய நிகழ்வு என்று 1985இல் அமெரிக்கர்களைக் கேட்டபோது, பெரும்பாலோர் தங்கள் பதின்வயதிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ நடந்ததையே சொன்னார்கள். எனவே 12 வயதில் பார்த்தவரையும் 35 வயதில் பார்த்தவரையும் "அந்தக் காலத்தவர்" என்று ஒரே கூடையில் போட்டால் கணக்கு குழம்பும்.

எட்டுக்கட்டை

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கருத்தைக் கேட்டால் பதில் வழுக்கிக்கொண்டு போகும். பொருளைக் கையில் கொடுத்துக் கேட்டால் வாய் திறக்கும்.

ஒரு துணியை எடுத்துக்கொள்வோம். 1977 ஏப்ரல் 30 அன்று அர்ஜென்டினாவின் பியூனஸ் ஐரிஸ் நகரின் மாயோ சதுக்கத்தில் 14 பெண்கள் கூடினார்கள். ராணுவ ஆட்சி பிடித்துக்கொண்டு போய்க் காணாமலாக்கிய பிள்ளைகளைத் தேடி வந்த தாய்மார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது என்று போலீஸ் சொன்னதால் இரண்டிரண்டு பேராகச் சதுக்கத்தைச் சுற்றி நடந்தார்கள். அதே ஆண்டு பெருந்திரளான யாத்திரை ஒன்றில் ஒருவரையொருவர் அடையாளம் காண, குழந்தைக்குக் கட்டும் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். பிறகு அதில் பிள்ளையின் பெயரைத் தைத்தார்கள். 2003இல் ரோசாரியோவில் நடந்த பெண்கள் மாநாட்டில் அதே முக்கோணத் துணி பச்சை நிறத்தில் வந்தது, கருக்கலைப்பு உரிமைக்காக. 2018இல் பள்ளி மாணவிகள் அதைப் புத்தகப் பையிலும் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள். சட்டம் 2020 டிசம்பர் 30 அன்று நிறைவேறியது. வெள்ளைத் துணி கட்டிய தாய்மார்களில் ஒருவரான நோரா கோர்ட்டீன்யாஸ் பச்சையையும் சேர்த்து அணிந்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது துணி எங்கே கட்டப்படுகிறது என்பதை. தலையில் கட்டினால் துக்கமும் தாய்மையும். கழுத்தில் கட்டினால் ஊர்வலம். பையில் கட்டினால் ஊர்வலம் இல்லாத நாளிலும் கூடவே வரும், வகுப்பறைக்குள் நுழையும், பேருந்தில் தெரியாத இன்னொருத்தியின் கண்ணில் படும். பாட்டியிடமிருந்து பேத்திக்கு வடிவம் அப்படியே வந்தது. நிறமும் இடமும் கோரிக்கையும் பேத்தியுடையவை. உங்கள் இயக்கத்தில் இப்படி ஒரு பொருள் இருந்தால் நான்கே கேள்வி போதும்: யார் கொடுத்தது, உடம்பில் எங்கே இருந்தது, எந்த இடத்துக்குள் போகும்போது கழற்றினீர்கள், இப்போது எங்கே இருக்கிறது. நான்காவது கேள்விக்குப் பலர் எழுந்துபோய் எடுத்துக்கொண்டு வருவார்கள். அங்கிருந்துதான் பேட்டியே தொடங்கும்.

எல்லாப் பொருளும் இப்படி நன்றாகப் பயணிப்பதில்லை. வட்டத்துக்குள் மூன்று கோடு போட்ட அமைதிச் சின்னத்தை 1958இல் ஜெரால்டு ஹோல்டம் அணு ஆயுத எதிர்ப்பு ஊர்வலத்துக்காக வரைந்தார். கொடியசைவுச் சைகையில் அணு ஆயுத ஒழிப்பைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தது. யாரும் அதை உரிமை கொண்டாடவில்லை. அதனால்தான் சில வருடங்களில் கடல் கடந்தது. அதனாலேயே சட்டை, காதணி, சாவிக்கொத்து எல்லாவற்றிலும் ஏறி, அணு ஆயுதம் என்ற செய்தியையே இழந்தது. அதை அணிந்திருக்கும் இளைஞரிடம் "இயக்கத்தின் தாக்கம்" என்று எழுதிவிடாதீர்கள். எங்கே வாங்கினார், யாராவது கொடுத்தார்களா என்று முதலில் கேளுங்கள். கடையில் வாங்கியதும் கை மாறி வந்ததும் ஒன்றல்ல.

பாட்டு என் துறை, அதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன். "நாம் வெல்வோம்" என்று உலகம் முழுக்கப் பாடப்படும் பாட்டின் வழித்தடம் தெளிவானது. 1901இல் சார்லஸ் டிண்ட்லி எழுதிய தேவாலயப் பாடல் அதன் வேர்களில் ஒன்று. 1945-46இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரப் புகையிலைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், வேலைநிறுத்தத்தில் பாடினார்கள். அங்கே "நான்" என்பது "நாம்" ஆனது. அவர்களிடமிருந்து ஹைலேண்டர் தொழிலாளர் பள்ளிக்குப் போனது. அங்கிருந்து 1960 ஏப்ரலில் ராலே நகரில் கறுப்பின உரிமைக்கான மாணவர் அமைப்பு உருவான கூட்டத்தில் கை காரவன் என்ற பாடகர் பாடியபோது மாணவர்கள் எழுந்து கைகோத்து நின்றார்கள். இந்தியாவில் அது இந்தியில் "ஹம் ஹோங்கே காமயாப்" ஆகிப் பள்ளிக்கூடப் பாட்டானது.

இதில் தொழில்நுட்பம் ஒன்று இருக்கிறது. வரி திரும்பத் திரும்ப வரும், ஒரு சொல்லை மாற்றினால் புதுச் சரணம். முன்னால் ஒருவர் சொல்லைக் கொடுத்தால் போதும், தாள் வேண்டாம். முதன்முறை கேட்பவரும் இரண்டாவது அடியில் சேர்ந்துகொள்ளலாம். எட்டு வரி அடர்த்தியான கவிதையாக இருந்திருந்தால் எழுதியவர்களோடு நின்றிருக்கும். மெட்டு மட்டும் தனியாகப் பயணிப்பதும் உண்டு. மியான்மரில் 1988 எழுச்சியில் பிறந்த ஒரு பாட்டு அமெரிக்க ராக் பாட்டு ஒன்றின் மெட்டில் அமைந்தது. 2021 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு, 1988இல் பிறந்தே இராத பிள்ளைகள் தெருவில் அதைப் பாடினார்கள்.

எனவே "இந்தப் பாட்டு தெரியுமா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் தெரியும் என்பார்கள். பாடச் சொல்லுங்கள். எந்தச் சரணத்தில் நின்றார், வேகம் என்ன, எந்தச் சொல் மாறியது, பாடும்போது கை எங்கே போனது என்று குறியுங்கள். பிறகு, எங்கே கற்றார்? காலை வணக்கக் கூட்டத்தில் கற்றவருக்கும் மறியலில் கற்றவருக்கும் அது ஒரே பாட்டு இல்லை. முதலாமவர் நேராக நின்று பாடுவார், இரண்டாமவர் பக்கத்திலிருப்பவரின் கையைத் தேடுவார்.

இடையினம்

மேலே சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் தடயங்கள். ஆழமாக வேரோடியவை வெளியே தெரியாது, அவற்றைத்தான் ஆய்வுகள் அதிகம் தவறவிடுகின்றன என்பது என் கருத்து.

நமக்குத் தெரிந்த இயக்கத்தையே பார்ப்போம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதற்கும் முன்பே, தனித்தமிழ்ப் பெயர் வேண்டும் என்று, வேதாசலம் மறைமலை ஆனார். இன்று தந்தை பெயரின் முதலெழுத்தோடு மட்டும் கையெழுத்துப் போடும் 19 வயதுப் பிள்ளையிடம் "அந்த இயக்கம் உன்னிடம் என்ன விட்டுப்போனது?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்பான். அவன் போடும் கையெழுத்தே அதன் தடயம்தான். சாதி போய்விட்டது என்று சொல்லவில்லை, அது வேறு பேச்சு. பட்டத்தைப் பெயரோடு சொல்வது கூச்சமாகிப்போனது என்பதைத்தான் சொல்கிறேன்.

இதைப் பேட்டியால் பிடிக்க முடியாது, தாளால்தான் முடியும். திருமண அழைப்பிதழ்களைச் சேருங்கள், பத்தாண்டுக்கு 20 வீதம். ஒரே அழைப்பிதழில் தாத்தா, அப்பா, மாப்பிள்ளை என மூன்று தலைமுறைப் பெயர் இருக்கும். தாத்தா பெயரில் பட்டம், அப்பா பெயரில் வெறும் முதலெழுத்து, மாப்பிள்ளைக்குத் தனித்தமிழ்ப் பெயர் என்று ஒரே தாளில் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் மூன்று கட்டம் போதும்: பட்டம் உண்டா, முதலெழுத்து தமிழிலா ஆங்கிலத்திலா, பெயர் எந்த மொழி. மந்திரமும் புரோகிதரும் இல்லாமல் நடந்த திருமணங்களுக்கு 1967இல் சட்டத் திருத்தம் வந்தது, அதற்கு முன் நடந்தவையும் செல்லும் என்றது. அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் அழைப்பிதழில் வரும் சொற்களைத் தனியாக வையுங்கள்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை நம்பி இறங்காதீர்கள். அங்கே சாதிக்குத் தனிக் கட்டம் இருப்பதால் பெயரோடு பட்டம் வராமல் போயிருக்கலாம். அது எழுத்தரின் பழக்கம், குடும்பத்தின் முடிவு ஆகாது. அழைப்பிதழ் குடும்பமே உட்கார்ந்து எழுதியது.

நாட்காட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1964 ஜனவரி 25 அன்று திருச்சியில் சின்னசாமி தீக்குளித்தார். மறு ஆண்டு அதே நாளில் மாணவர்கள் கிளம்பினார்கள். இன்றும் அது மொழிப்போர் தியாகிகள் நாள். தென்னாப்பிரிக்காவில் 1976 ஜூன் 16 அன்று சோவெட்டோ மாணவர்கள் ஆப்பிரிகான்ஸ் பயிற்றுமொழியை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். அந்த நாள் இப்போது இளைஞர் நாள், அரசு விடுமுறை. இரண்டுமே மொழித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் எழுந்தவை. அந்த நாளில் இன்றைய இளைஞர் என்ன செய்கிறார் என்று கேளுங்கள்: மாலை போடுகிறாரா, தூங்குகிறாரா, புதிதாக ஒன்றைச் சேர்க்கிறாரா?

சேர்ப்பதற்கு ஐஸ்லாந்து நல்ல எடுத்துக்காட்டு. 1975 அக்டோபர் 24 அன்று அங்கே சுமார் 90 சதவீதப் பெண்கள் வீட்டு வேலை, வெளி வேலை இரண்டையும் நிறுத்தினார்கள். 2005இல் அதே தேதியில், ஆணின் வருமானத்தோடு ஒப்பிட்டால் பெண்ணின் ஊதியம் எத்தனை மணிக்குத் தீர்ந்துபோகிறது என்று கணக்குப் போட்டு மதியம் 2:08க்கு வெளியேறினார்கள். 2010இல் 2:25, 2016இல் 2:38, 2018இல் 2:55. தேதி அம்மாவுடையது, கடிகாரக் கணக்கு மகளுடையது. 2023இல் மறுபடி முழு நாள்.

ஆவணப்பெட்டி

மூன்றாவது கேள்வி. சறுக்கும் இடங்களை வரிசையாகச் சொல்கிறேன், முக்கியமானது முதலில்.

நேரம். 30 பேட்டி, ஒவ்வொன்றும் 90 நிமிடம் என்றால் 45 மணி நேர ஒலி. ஒரு மணி நேரத்தை எழுத்தாக்கப் பழகிய கைக்கே ஆறு மணி நேரம் ஆகும். ஆக 270 மணி நேரம், நான்கு பேருக்கு ஆளுக்கு 67 மணிக்கு மேல். பெரும்பாலான ஆய்வுகள் இங்கேதான் மூச்சு வாங்குகின்றன. தப்பிக்க வழி: பேட்டி முடிந்த 48 மணி நேரத்துக்குள் முழுவதையும் ஒருமுறை கேட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரியாகக் குறிப்பட்டவணை எழுதுங்கள். 90 நிமிடத்துக்கு 18 வரி. முழு எழுத்தாக்கம் பாட்டு, பொருள், பெயர் வரும் பகுதிகளுக்கு மட்டும் போதும். தானியங்கி எழுத்தாக்கம் பேச்சுத் தமிழிலும் முழக்கங்களிலும் ஆட்பெயர்களிலும் தடுமாறும். முதல் வரைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், காதால் சரிபார்க்காமல் மேற்கோள் காட்டாதீர்கள்.

ஒலி. வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஸ்டீரியோவில் மணிக்குச் சுமார் 1 ஜிபி, மொத்தம் 47 ஜிபிக்குள் முடியும். சட்டையில் குத்தும் மைக்கை மோவாய்க்குக் கீழே 15 முதல் 20 சென்டிமீட்டரில் வையுங்கள். துப்பட்டாவோ சங்கிலியோ உரசினால் அந்தப் பேட்டி போச்சு. பாடச் சொல்லும்போது பதிவு அளவைக் குறைக்க மறக்கக் கூடாது, பேச்சுக்கு வைத்த அளவில் பாட்டு உடைந்து பதிவாகும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில்.

கேள்வி வரிசை. பொருளில் தொடங்குங்கள் என்று எட்டுக்கட்டை சொன்னது சரி. அடுத்து இடம்: ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, கூடிய இடத்தை வரையச் சொல்லுங்கள். யார் எங்கே நின்றார்கள், பெண்கள் எந்தப் பக்கம், முழக்கத்தை முதலில் எடுத்தவர் எங்கே? மேடையில் இருந்தவர் வரைவதற்கும் ஓரத்தில் நின்றவர் வரைவதற்கும் உள்ள வித்தியாசமே ஒரு தரவு. "தாக்கம்", "விழிப்புணர்வு" போன்ற சொற்களைக் கேட்பவர் உச்சரிக்கவே கூடாது. உச்சரித்தால் அதே சொல் பதிலாகத் திரும்பி வரும்.

நினைவுப் பிழை. தேதி தவறாகச் சொன்னால் உடனே திருத்தாதீர்கள். இத்தாலியின் டெர்னி நகரில் லூயிஜி டிராஸ்டுல்லி என்ற இளம் உருக்காலைத் தொழிலாளி 1949 மார்ச் 17 அன்று, நேட்டோவில் இத்தாலி சேர்வதை எதிர்த்துக் கிளம்பிய கூட்டத்தில், போலீசால் கொல்லப்பட்டார். பல வருடம் கழித்து வாய்மொழி வரலாற்றாளர் அலெசாண்ட்ரோ போர்த்தெல்லி பேட்டி எடுத்தபோது பலர் அந்தச் சாவை 1953க்கு நகர்த்தி, ஆட்குறைப்பை எதிர்த்த தெருச் சண்டையில் நடந்ததாகச் சொன்னார்கள். ஞாபகமறதி என்று அவர் ஒதுக்கவில்லை. வேலைக்காகப் போராடியபோது ஒருவர் செத்தார் என்று சொல்வதில்தான் அந்த ஊருக்கு மானம் இருந்தது என்று விளக்கினார். நீங்களும் இரண்டு பத்தி வையுங்கள்: சொன்ன தேதி, செய்தித்தாளில் உள்ள தேதி. ஒரே பிழை மூன்று தலைமுறையிலும் வந்தால், கதை வாய்வழியாக இறங்கியிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. புத்தகத்தில் படித்தவர் சரியான தேதியைச் சொல்வார், வீட்டில் கேட்டவர் தாத்தாவின் தேதியைச் சொல்வார்.

தொடுகோடு

அருமை. பங்கீட்டை நிகழ்தகவு சொன்னபடி மாற்றிவிடுகிறோம். அழைப்பிதழ் யோசனை எங்களுக்குத் தோன்றவே இல்லை, நன்றி இடையினம். இரண்டு துணைக் கேள்வி: மூத்தவர்களையும் இளையவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவைக்கலாமா? சமூக ஊடகத்தில் இருப்பதை எப்படிச் சேர்ப்பது?

எட்டுக்கட்டை

உட்காரவைக்கலாம், ஆனால் தனிப் பேட்டிகள் முடிந்த பிறகு. முதலிலேயே சேர்த்தால் மூத்தவர் பேசுவார், இளையவர் தலையாட்டுவார், இரண்டு தரவும் கெட்டுப்போகும்.

1960 ஏப்ரல் ராலே கூட்டத்தைக் கூட்டியவர் எல்லா பேக்கர் என்ற மூத்த பெண் செயற்பாட்டாளர். அப்போது அவருக்கு 56 வயது. பெரியவர்களின் அமைப்புகள் மாணவர்களைத் தங்கள் இளைஞர் அணியாக்கிக்கொள்ள விரும்பின. அவர் அதற்கு இடம் தராமல், மாணவர்கள் தாங்களே முடிவெடுக்கும் தனி அமைப்பாக இருக்க வழிவிட்டார். அதே காலத்தில் நாஷ்வில்லில் ஜேம்ஸ் லாசன் மாணவர்களுக்கு அகிம்சைப் பயிற்சி கொடுத்தார். அவர் நாக்பூரில் சில ஆண்டுகள் இருந்து காந்தியின் முறைகளைப் படித்தவர். அவருடைய பயிற்சியில் ஒத்திகைக்கு முக்கிய இடம் உண்டு: கறுப்பினத்தவரை உட்காரவிடாத உணவகத்தில் உட்காருவதுபோல் ஒருவர் உட்கார, மற்றவர்கள் திட்டுவார்கள், தள்ளுவார்கள், நாற்காலியிலிருந்து இழுப்பார்கள். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். உப்புச் சத்தியாகிரகத்தில் அடி வாங்கிய உடம்பின் பாடம் கண்டம் தாண்டி இருபது வயதுப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

எனவே கூட்டு அமர்வில் பேச்சைக் குறைத்து, செய்துகாட்டச் சொல்லுங்கள். நான்கு மூத்தவர், நான்கு இளையவர், 90 நிமிடம். முதல் 30 நிமிடம் மூத்தவர்கள் ஒரு பாட்டையோ முழக்கத்தையோ தட்டி எழுதுவதையோ கற்றுக்கொடுக்கட்டும். அடுத்த 30 நிமிடம் மூத்தவர்கள் வெளியே, இளையவர்கள் அதைத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றட்டும். கடைசி 30 நிமிடம் மாற்றியதை நடத்திக்காட்ட வேண்டும். மூத்தவர் எந்த இடத்தில் "அப்படி இல்லை" என்று குறுக்கிடுகிறார், எந்த இடத்தில் அவரும் சேர்ந்து பாடுகிறார் என்பதை இருவர் தனித்தனியாகக் குறிப்பெடுங்கள்.

ஆவணப்பெட்டி

சமூக ஊடகம் பற்றி. திரைப்பிடிப்பு மட்டும் எடுத்தால் பின்னூட்டமும் தேதியும் போய்விடும். ஒவ்வொரு பதிவுக்கும் முகவரி, பதிவிட்ட நாளும் நேரமும், சேமித்த நாளும் நேரமும், யாருடைய பகிர்வு வழியாக வந்தது என்று நான்கு கட்டம் போடுங்கள். கடைசிக் கட்டம்தான் உங்களுக்கு உயிர். ஒரு படம் அத்தையின் குடும்பக் குழுவிலிருந்து வந்ததா, கல்லூரிக் குழுவிலிருந்து வந்ததா என்று அதில்தான் தெரியும். பதிவு கண்ணில் பட்ட அன்றே சேமியுங்கள், அழிக்கப்படுவதும் கணக்கு மூடப்படுவதும் சாதாரணம். மூன்று விரல் வணக்கம் ஒரு படத்தொடரிலிருந்து 2014இல் தாய்லாந்துப் போராட்டத்துக்கும், 2021இல் மியான்மருக்கும் போனது. இதுபோல் ஒன்று உங்கள் தரவில் வந்தால், முதலில் யாரிடம் பார்த்தார் என்ற கேள்விக்கு அந்தக் கட்டம் இல்லாமல் பதில் கிடையாது.

இதில் ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். போராட்டப் படத்தில் இருக்கும் பிள்ளைக்கு நாளை வேலைக்கான சரிபார்ப்பு வரலாம், வழக்கு வரலாம். ஒப்புதல் தாளில் ஒலி, படம், பெயர், பொதுவில் வெளியிடுதல் நான்குக்கும் தனித்தனிக் கையெழுத்து வாங்குங்கள். 18 வயது நிரம்பாதவர் தெரியும் படம் எதுவும் வெளியே போகக் கூடாது. எழுத்தாக்கத்தில் மாற்றுப் பெயர் மட்டும் இருக்கட்டும். உண்மைப் பெயரையும் மாற்றுப் பெயரையும் இணைக்கும் பட்டியலைப் பேட்டிக் கோப்புகள் இருக்கும் வட்டில் வைக்காதீர்கள். தனியே, கடவுச்சொல் போட்டு, குழுவில் இருவரிடம் மட்டும் இருக்கட்டும்.